விட்ட இடத்திலிருந்து

"நிறுத்து. அவ இன்னும் முடிக்கல."

கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமலேயே சொல்வார் மேடம். யார் பேச்சில் யார், பயிரில் மாடு இறங்குவதுபோல் இறங்கினார்கள் என்பது அவர் முதுகுக்கே தெரியும். சாக்பீஸ் நின்றுவிடும், வகுப்பும் நின்றுவிடும். குறுக்கே பேசியவன் எழுந்து, அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் முடித்த பிறகுதான் அவன் தன் கருத்துக்கு வரலாம். பெரும்பாலும் அதற்குள் கருத்து ஆவியாகியிருக்கும்.

சமூகவியல் துறையில் பாலினப் பாடம் நடத்தும் இந்த மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் ரீவைண்டு. அவருக்கும் தெரியும். "எங்கப்பா வச்ச பேர விட இது பொருத்தமா இருக்கு" என்பார், சிரிக்காமல்.

இந்த வருடம் முதல் நாளே ஒருவன் மாட்டினான். வீட்டு வேலையைப் பற்றி ஒரு மாணவி பேசத் தொடங்கியதும் பாய்ந்தான். "எங்க வீட்ல அம்மாவுக்கு முழு சுதந்திரம், மேடம்."

"யாரு குடுத்தது?"

"அப்பாதான்."

"அவரு சட்டைப் பையில இருந்துச்சா? சரி, இவ என்ன சொன்னா, சொல்லு."

அவனுக்கு ஒரு சொல்லும் நினைவில்லை. வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவன் வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்கு வந்தவன் என்று பக்கத்திலிருந்தவன் பரிந்து பேசினான்.

"அப்ப இவனுக்கு இன்னும் நல்லாப் புரியணும். ஊர்ப் பெரிய மனுசங்க முன்னாடி இவங்கப்பா ஒரு பேச்ச முழுசா முடிச்சிருப்பாரா? கேளு."

பையன் நோட்டைத் திறந்தான்.

வீட்டிலும் அந்தக் கோபத்துக்கு ஓய்வில்லை. "அதுக்கு ஒருநாள் லீவு குடேன்" என்பார் கணவர். "குடுத்தா, மாத்தாளா நீ வரியா?" கணவர் பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

போன வருடம் கடைசிப் பருவத்தில் அந்தப் பாடத்தின் கழுத்துக்கே கத்தி வந்தது. கட்டாயப் பாடத்தை விருப்பப் பாடமாக்கத் துறைக் கூட்டம் கூடியது. மேசையைச் சுற்றி மேடத்தைத் தவிர எல்லோரும் ஆண்கள். "விருப்பப் பாடமாக்கிட்டா, இத யாரு முக்கியமாப் படிக்கணுமோ அவங்க" என்று தொடங்கினார். துறைத் தலைவர் கையை உயர்த்தினார். "மேடம் சொல்ல வர்றது நமக்குப் புரியுது." எல்லோரும் தலையாட்டினார்கள். சொல்லாததே புரிந்துவிட்ட மேதைகள். தேநீர் வந்தது, தீர்மானம் நிறைவேறியது. "கோவப்படாதீங்கம்மா, பாடம் எங்கயும் போயிடல" என்று ஒரு மூத்த பேராசிரியர் பிஸ்கட் தட்டை நகர்த்தினார். மேடம் அதை அவர் பக்கமே தள்ளினார். "பிஸ்கட்டும் எங்கயும் போயிடாது சார், நீங்களே வச்சுக்குங்க."

இப்போது அது விருப்பப் பாடம். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் கடைசி வேளையில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையில் நடக்கிறது. அறையில் பாதிப் பெஞ்சு காலி. முதல் நாள் வந்த மற்ற பையன்கள் நின்றுவிட்டார்கள்; மீதிப் பாதியில் பெண்கள், ஓரத்தில் அந்த முதல் நாள் பையன். மேடம் மட்டும் அந்தத் தீர்மான நாளிலிருந்து ஒவ்வொரு துறைக் கூட்டத்திலும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார். ஒவ்வொரு முறையும் யாராவது வெட்டுகிறார்கள்.

போன வாரமும் எழுந்தார். "அது முடிஞ்சுபோன விஷயம் மேடம்" என்றார் தலைவர்.

மேடம் கையிலிருந்த பாதி சாக்பீஸை மேசைமேல் வைத்தார். குரல் இறங்கியது.

"நான் என்ன சொல்லிட்டிருந்தேன், சார்? நீங்க சொல்லுங்க."

தலைவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அந்த நாற்காலிக்காரர் அடுத்த நாற்காலியைப் பார்த்தார். தேநீர் வந்தது. யாரும் எடுக்கவில்லை.

மேடம் உட்காரவில்லை.