திறக்கப்படாத இன்ஜின்

அந்தக் காரை எனக்குக் கொடுத்தபோது, இன்ஜின் பேரிங்குகளை எல்லாம் மாற்றிவிட்டதாக நானா சொல்லியிருந்தார். நானா என் பெரிய வாப்பாவின், அதாவது அப்பாவுடைய அண்ணனின் மகன்; எனக்கு அண்ணன் முறை. சிங்கப்பூர் தேக்காவில் துணிக்கடையே கதி என்று இருக்கும் எங்கள் குடும்பத்தில் அவருக்கும் எனக்கும் மட்டும் கார்ப் பைத்தியம். இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை சீறும் அந்த வண்டியை அவர் அவ்வளவு ஆசையாக வைத்திருந்தார். மகள் பிறந்த பிறகு, பின்னால் குழந்தை இருக்கை வைக்க இடம் போதவில்லை என்று பெரிய வண்டி வாங்கினார். இது என்னிடம் வந்தது.

அந்த வகை இன்ஜினுக்கு ஒரு பலவீனம் உண்டு. பிஸ்டனோடு இணைந்த தண்டு, கிராங்க் என்னும் சுழல்தண்டைக் கவ்வும் இடத்தில் அரைவட்டமாக வளைந்த மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். அவைதான் பேரிங். அவை தேய்வது வெளியே தெரியாது. தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தால் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. தண்டு முறிந்து இன்ஜினை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் கார் நன்றாக ஓடும்போதே அவற்றை மாற்றிவிடுவது வழக்கம். நானாவும் அப்படித்தான் செய்திருந்தார்.

இந்த ஆண்டு வண்டியில் லேசாக ஆயில் கசிந்தது. பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த தோழி பூன் லேயில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். அவளிடம் கொண்டுபோனேன்.

“எப்படியும் அடியில இருக்கிற ஆயில் பேன இறக்கணும். அப்படியே பேரிங்கையும் மாத்திடவா?” என்றாள்.

“அது புதுசுடி. நானா மாத்திட்டாரு.”

“இருக்கட்டும். இன்னொரு தடவ இவ்ளோத்தையும் கழட்ட முடியுமா லா? இப்பவே போட்டுடு, நிம்மதியா ஓட்டலாம்.”

அந்த நிம்மதிக்காகத்தான் சரி என்றேன். என் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு புதுச் செருப்பு போடுவது போல இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை காலை, காரை உயரத் தூக்கி ஆயில் பேனை இறக்கியிருந்தாள். நான் காப்பியோடு பக்கத்தில் நின்றேன். டார்ச் அடித்துப் பார்த்தவள், எதையும் தொடாமல் அப்படியே நின்றாள்.

“இங்க வாடி. போல்ட் தலையில மஞ்சளா புள்ளி தெரியுதா?”

தெரிந்தது. எல்லாவற்றிலும் இருந்தது.

“ஃபேக்டரில வைக்கிற பெயிண்ட். ஒரு தடவ கழட்டினாலே உரிஞ்சிடும். அதோட, கழட்டுன போல்ட்ட திரும்பப் போட மாட்டாங்க, புதுசுதான் போடுவாங்க.”

“அப்படின்னா?”

“இத யாரும் திறக்கவே இல்ல.”

எனக்கு உடனே புரியவில்லை. அவள் முதல் மூடியைக் கழற்றி, உள்ளிருந்த தகட்டைத் துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்க வேண்டிய பரப்பு செம்பு நிறத்தில் இருந்தது. மேற்பூச்சு முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் ஓரம் வெடித்து, ஒரு செதில் அவள் கையுறையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

போன வாரம்தான் இந்தக் காரில் உம்மாவை மலாக்கா கூட்டிப்போய் வந்தேன். நெடுஞ்சாலையில் வரிசையாகப் போன லாரிகளை முந்த முழு வேகத்தில் ஓட்டினேன். உம்மா பக்கத்தில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அந்த முகம் கண்முன் வந்தது. கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பயம் கொஞ்சம் அடங்கியதும் கோபம் வந்தது. நானா என்னை ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். “உடனே வாங்க” என்று மட்டும் போனில் சொன்னேன்.

வந்தார். தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது பழசுல்ல? புதுசு எங்க?”

“இதான் உள்ள இருந்துச்சு, நானா.”

“இல்ல புள்ள. மாத்திட்டு எனக்கு போன் பண்ணாங்க. கழட்டுன பழச பையில போட்டுக் குடுத்தாங்க. அதுல ஒண்ணு இன்னும் என் ஆபீஸ் மேசையில இருக்கு.”

என் தோழிதான் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப அவங்க குடுத்த பழசு யாரோட காரோடதுண்ணே?”

நானா தரையில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். வேலையை அவர் நேரில் நின்று பார்க்கவில்லை, நம்பினார். பேரிங் மாற்றியாகிவிட்டது என்ற அந்தத் தைரியத்தில்தான் மாசமாக இருந்த மனைவியை மலேசியாவின் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்குமாக அழைத்துப் போனார்.

“பொறந்த பிள்ளைய ஆஸ்பத்திரியிலேர்ந்து இதுலதான் கொண்டாந்தேன்” என்றார். பிறகு, “உன்கிட்டயும் குடுத்தேனே” என்றார். அவரைச் சந்தேகித்ததை நான் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுவாரம் இருவரும் அந்தப் பழைய வொர்க்‌ஷாப்பைத் தேடிப் போனோம். அங்கே மார்பிள் கல் விற்றுக்கொண்டிருந்தார்கள். முன்பு இருந்தவர் எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நானா புகார் கொடுத்திருக்கிறார். இதுவரை பதில் இல்லை.

கிராங்கில் கீறல் விழவில்லை; எப்படி விழாமல் இருந்தது என்று என் தோழிக்கே விளங்கவில்லை. புதுப் பேரிங், புது போல்ட் எல்லாம் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டாள். ஒவ்வொன்றையும் முறுக்கும்போது நானா வாய்க்குள் ஏதோ ஓதினார்.

முதல் ஓட்டத்துக்கு அவரையும் ஏற்றிக்கொண்டேன். இன்ஜின் எப்போதும்போல அழகாகப் பாடியது. முன்பு கேட்டதற்கும் இதற்கும் என் காதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதுதான் இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. விரைவுச்சாலையில் ஏறியதும் நானா கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“மெதுவாவே போ, புள்ள” என்றார்.

இடது ஓரத் தடத்துக்கு மாறினேன். பேருந்துகள்கூட எங்களைத் தாண்டிப் போயின.