வாப்பாவுக்கு நான் போட்ட புள்ளடி

எங்கள் வீட்டில் இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்போது ஏழாம் வகுப்பு. அதற்குப் பிறகு நான் அதிகம் படிக்கவுமில்லை. வாப்பா கட்டாருக்குப் போவதற்கான படிவத்தை நிரப்பும் வேலை அப்படித்தான் என்னிடம் வந்தது.

வாப்பா மேசன். நிந்தவூரில் அந்த வருஷம் கட்டட வேலைகள் நின்றுபோயிருந்தன. உம்மா இரண்டு நேரமும் கஞ்சி காய்ச்சினார்.

பெயர், பிறந்த திகதி எல்லாம் எழுதியாயிற்று. அடுத்து இரண்டு கட்டங்கள். ஒன்றில் ஸ்கில்ட், மற்றதில் அன்ஸ்கில்ட். ஏதாவது ஒன்றில் புள்ளடி போட வேண்டும்.

“ஸ்கில்ட் எண்டா என்ன மகன்?” என்று வாப்பா கேட்டார்.

அகராதியைப் புரட்டி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி வாசித்தேன். “திறமைசாலி, கைதேர்ந்தவர், நிபுணர்.”

வாப்பா கூச்சப்பட்டுச் சிரித்தார். “நிபுணரா? அதெல்லாம் பெரிய ஆக்கள். மத்ததுல போடு.”

உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஊருல பாதிச் சுவரு ஒங்கட கையாலதானே எழும்பின? பள்ளி மினாராவ ஆரு கட்டின, நானா?”

“அத ஊரு சொல்லட்டும். நம்மட வாயால சொன்னா வேலயில அல்லாட பரக்கத் போயிரும்.”

“அங்க ஆரு சொல்லுவாங்க ஒங்களப் பத்தி? ஒட்டகமா?”

வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மாறவில்லை. எங்கள் பக்கத்தில் நல்ல வேலைக்காரர் எவரும் தன்னை நல்ல வேலைக்காரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. நான் இரண்டாம் கட்டத்தில் அழுத்திப் புள்ளடி போட்டேன்.

வாப்பா போய் இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் பேசினார். மண் சுமக்கிறாராம், கலவை குழைக்கிறாராம். சுவர் கட்டுவது யாரோ ஒரு பொடியனாம்.

“அவன்ட சுவரு ரெண்டு விரல் சரிஞ்சி நிக்கிது. பாக்கப் பாக்க எனக்குக் கை ஊறுது.”

“மேசன் எண்டு சொல்லுங்களன்,” என்றார் உம்மா.

“சொன்னன். கடதாசியில அப்படி இல்லயாம். ரெண்டு வரிசத்துக்கு மாத்த ஏலாதாம்.”

உம்மா தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

“நீ சரியாத்தான் போட்ட மகன்,” என்றார் வாப்பா. “ஒரு பிழயும் இல்ல.”

பிறகு நானும் நாலைந்து நாடுகள் திரிந்துவிட்டேன். பெயின்ட் அடித்தேன், டைல்ஸ் பதித்தேன், லொறி ஓட்டினேன். பாதி வேலைகளைப் போன இடத்தில்தான் பழகினேன். ஆனாலும் படிவத்தில் எப்போதும் முதல் கட்டம்தான். ஸ்கில்ட் என்ற அந்தச் சொல் யாருடைய பெருமையையும் கேட்கவில்லை. கையில் மேசன் கரண்டியைக் கொடுப்பதா, தலையில் மண்ணை ஏற்றுவதா என்று மட்டுமே கேட்டது. என் அகராதியில் அது இருக்கவில்லை.

வாப்பா என்னைத் தேற்றியதும் அன்று எனக்கு விளங்கவில்லை. என் இங்கிலீஷைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து, மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.