மூன்றாம் நம்பர் வீட்டுக்கு ஒரு ஸ்லைடு

ஓசூரில் அந்தப் பழைய தியேட்டரை இடிக்கிறார்கள். தகரத் தடுப்புக்கு மேலே ஆபரேட்டர் ரூம் சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது. அதில் இரண்டு ஓட்டைகள். பெரிய ஓட்டை வழியாகப் படம் வரும், சின்ன ஓட்டை வழியாக ஸ்லைடு வரும். அந்தச் சின்ன ஓட்டை கண்ணில் பட்டால் நான் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஸ்லைடு என்றால் இப்போதுள்ளவர்களுக்குக் கம்ப்யூட்டரில் காட்டுவதுதான் தெரியும். அன்று அது ஒரு கண்ணாடித் துண்டு. அதில் மை பூசிக் காயவைத்து, ஊசியால் எழுத்தைக் கீறி, ஓடுகிற படத்தின் மேலேயே அடிப்பார்கள். கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள், அவள் நெற்றியில் "இன்ன ஊர்க்காரர் உடனே வெளியே வரவும்" என்று எழுத்து விழும். பிரசவம், சாவு, தொலைந்த குழந்தை எல்லாம் அதில்தான் வரும். மிஷின் நின்றுவிட்டது, இன்ன கம்பெனி ஃபிட்டர் வரவும் என்றுகூட வந்திருக்கிறது. யாராவது எழுந்து ஓடுவார்கள். மற்றவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் படத்தைப் பார்ப்பார்கள். நானும் கொட்டியிருக்கிறேன்.

நாங்கள் போய்வருகிற தூரத்தில் மூன்று தியேட்டர்கள் இருந்தன. ஒன்றில் காலைக்காட்சி தெலுங்கு, இன்னொன்றில் அடிக்கடி கன்னடம். தமிழில் பெரிய படம் வந்துவிட்டால் பெங்களூரிலிருந்தே வண்டி பிடித்து வந்துவிடுவார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு டிக்கெட் கிடைக்காது. முதலாவது பின்னாளில் கல்யாண மண்டபமானது, இரண்டாவது பைக் ஷோரூமானது. மூன்றாவதைத்தான் இப்போது இடிக்கிறார்கள். எங்கள் கதை நடந்தது இதன் பால்கனியில்.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். ஏரிக்கரை லைன் வீட்டில் மூன்றாம் நம்பர், ஒரே அறை. அதில் நாங்கள் இருவர், மாமியார், மாமனார், கொழுந்தனார். கணவரோடு நாலு வார்த்தை தனியாகப் பேசவேண்டுமென்றால் தியேட்டர்தான். எங்களுக்கு எந்தப் படமும் நல்ல படமே.

மாமியார் வாய் ஊரறிந்த வாய். உப்புக் குறைந்தாலும் திட்டுவார், கூடினாலும் திட்டுவார். மழை பெய்தால் வானத்தையும் விடமாட்டார். மருமகள் சினிமாவுக்குப் போகிறாள் என்று தெரிந்தால் லைன் வீடே அதிரும். அதனால் படத்துக்குப் போகும் நாளெல்லாம் எனக்குக் கம்பெனியில் ஓவர்டைம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ராயக்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் தக்காளி மண்டியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் காட்டி வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். ஞாயிறு முதல் பஸ்ஸுக்கு வருகிறேன் என்று நானே சொல்லி அனுப்பியிருந்தேன். சனிக்கிழமை மாலை கணவர் புதுப்படம் என்றார். அவர்மேல் பழி போட எனக்கு மனசில்லை, துள்ளிக் குதித்தவள் நான்தான். அப்பா எங்கே போய்விடப் போகிறார், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"அப்பனப் பாக்கப் போறன்னு சொன்னியே?" என்றார் மாமியார்.

"ஓவர்டைம் போட்டுட்டாங்க அத்தை. போகலன்னா பர்மனென்ட் பண்ண மாட்டாங்க" என்றேன். முகம் மாறாமல் சொன்னேன்.

மத்தியானக் காட்சி. படம் தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு பாட்டுக்கு நடுவில் திரையின் கீழ்ப்பக்கம் வெள்ளை எழுத்து விழுந்தது. "ஏரிக்கரை லைன் வீடு மூன்றாம் நம்பர் உடனே வெளியே வரவும்."

படித்தேன். மறுபடி படித்தேன். கணவரின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"அம்மாதான். நம்மளக் கண்டுபுடிச்சிட்டாங்க. அசையாத, இருட்டுல தெரியாது" என்றார்.

"எதுனா அவசரமா இருந்தா?"

"ஒரு அவசரமும் இருக்காது. வாசல்ல வச்சு மானத்த வாங்கத்தான் வந்திருக்காங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்படித்தான் படவேண்டும் என்று விரும்பினேன் என்பதே உண்மை. எழுந்து போனால் பொய் அம்பலமாகும். வேலைக்குப் போவதையே நிறுத்திவிடுவார். உட்கார்ந்திருந்தால் யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விடுவார். எழுத்து மறைந்தது. பாட்டு முடிந்து ஏதோ சண்டை வந்தது. முதுகுப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டேன். தலையில் வைத்திருந்த கனகாம்பரம் எனக்கே பாரமாக இருந்தது. ஐந்து நிமிடமா பத்து நிமிடமா தெரியாது. போய்விட்டார் என்று மூச்சு விட்டேன்.

அப்போது இரண்டாவது ஸ்லைடு விழுந்தது. "மூன்றாம் நம்பர் வீட்டு மருமகளே வெளியே வா. திட்டமாட்டேன்."

தியேட்டரே சிரித்தது. கீழே பெஞ்சிலிருந்து விசில். "போம்மா, அதான் திட்டமாட்டாங்களாமே!" என்று ஒருவன் கத்தினான். பக்கத்து சீட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கணவரும் உதட்டோரம் சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானத்தையும் விடாதவர் திட்டமாட்டேன் என்கிறாரே. எனக்கு வேறெதுவும் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அப்பா என்று வாயில் வந்தது. சிரிப்புக்கு நடுவில் எழுந்து படியிறங்கினேன்.

வாசலில் மாமியார் நின்றிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் என் நூல் சேலை. லைன் வீட்டு ஓனர் வீட்டு போனுக்கு ராயக்கோட்டையிலிருந்து செய்தி வந்திருக்கிறது. ஆணியில் என் கம்பெனிக் கோட்டு தொங்குவதை அவர் அப்போதுதான் பார்த்திருக்கிறார். கோட்டில்லாமல் என்ன ஓவர்டைம்? மற்ற இரண்டு தியேட்டரிலும் ஸ்லைடு போடச் சொல்லி, வாசலில் காத்து நின்றுவிட்டு, மூன்றாவதுக்கு வந்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொன்னதை ஆபரேட்டர் அப்படியே கீறியிருக்கிறார்.

மாமியார் என்னைத் திருப்பி நிறுத்தி, தலையிலிருந்த கனகாம்பரத்தைப் பிரித்தெடுத்துத் தியேட்டர் சுவரோரம் போட்டார். அதற்கப்புறம்தான் நான் அழுதேன்.

ராயக்கோட்டைக்குப் போனோம். அப்பா காலையிலேயே போய்விட்டிருந்தார். முதல் பஸ் வந்துவிட்டதா, முதல் பஸ் வந்துவிட்டதா என்று மூன்று தரம் கேட்டாராம். அம்மா இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, சொல்லிச் சொல்லி அழுதாள். மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கம்பெனியில லீவு குடுக்கலம்மா" என்று என் பொய்யைத் தன் வாயால் எங்கள் அம்மாவுக்குச் சொன்னார். அம்மா கடைசிவரை அதையே நம்பினாள்.

இத்தனை வருஷத்தில் மாமியார் என்னைத் திட்டாத விஷயமே கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை.

போன வாரம் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, ஆட்டோ சிக்னலுக்காக இந்தத் தகரத் தடுப்பின் முன் நின்றது. அதுவரை டிரைவரைத் திட்டிக்கொண்டு வந்தவர் வாயை மூடிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு தடவையாச்சும் என்னைத் திட்டியிருக்கலாமே அத்தை. பாரம் கொறஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தியேட்டரே பாக்க எழுதிப் போட்டுட்டனேம்மா" என்றார். "அப்புறம் எப்படித் திட்டறது?"