அக்கா பார்க்க வந்த ஊர்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரத்தைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்தவன், தமிழும் மலையாளமும் தடங்கல் இல்லாமல் வரும் என்று ஒரு டிராவல்ஸ்காரர் கூப்பிட்டுக் கொடுத்த வேலை. காலையில் பத்மநாபசுவாமி கோயில், பிறகு குதிரமாளிகை, பாளையம், மியூசியம், சாயங்காலம் கோவளம். ஒரே நாளில் ஊர் முடிந்துவிடும்.

அன்றைக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு பஜனை கோஷ்டி. தம்பானூர் ஸ்டேஷன் வாசலில் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றேன். அக்காவின் பெயர் அதில் இருந்தது. எங்கள் ஜனங்களில் வீட்டுக்கு ஒருத்திக்கு இருக்கிற பெயர் என்பதால் நான் ஒன்றும் நினைக்கவில்லை. கூட்டத்தோடு படியிறங்கி வந்தவள் அக்காவேதான். முன்நெற்றியில் முடி நரைத்திருந்தது. நடை மாறவில்லை.

பதினோரு வருஷமாக நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. நான் கல்யாணம் செய்துகொண்டது வெட்டுகாட்டுப் பக்கத்துக் கிறிஸ்துவப் பெண்ணை. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளை வீட்டுக்கு அழைத்துப் போனபோது அம்மா கதவைத் திறக்கவில்லை. அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அந்த மாதமே அம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு தஞ்சாவூருக்கு, அக்காவிடமே போய்விட்டாள். ஒரு தடவை நான் அங்கே போனேன். அத்திம்பேர் வாசலிலேயே மறித்து, "அம்மா தூங்கறா" என்றார். மத்தியானம் முழுக்கத் தெருமுனையில் நின்றுவிட்டு ரயிலேறினேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு தோள்பையைச் சரிசெய்துகொண்டு, "கைடு சார், வண்டி எங்க நிக்கறது?" என்று கேட்டாள்.

"இப்படி வாங்கோ" என்றேன். வேறென்ன சொல்வது?

கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கிழக்கு நடையில் எல்லோரும் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா முன்னால் போய்விட்டாள். அவளோடு ரயிலில் பக்கத்து சீட்டில் வந்த ஒரு மாமி என்னிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"அதோ போறாளே, அவளுக்கு இந்த ஊர்தான். நீங்க சொல்றதுல தப்பு இருந்தா கண்டுபிடிச்சுடுவா" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பாவம், மனசு ஆறட்டும்னு நான்தான் இழுத்துண்டு வந்தேன். ஐப்பசியில அவ அம்மா போயிட்டா. கூடப் பிறந்தவான்னு யாரும் கிடையாது, ஒத்தைப் பொண்ணு. எல்லாத்தையும் தனியா நின்னு பார்த்தா."

அப்போது மாசி நடந்துகொண்டிருந்தது. என் அம்மா போய் நாலு மாதமாகியிருந்தது.

அவர்கள் தரிசனம் முடித்து வரும்வரை குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. ஐப்பசி முழுக்க நான் என்னென்ன செய்தேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு பொன்முடிக்குப் போனோம். வழியில் விதுராவில் நிறுத்தி பழம்பொரி சாப்பிட்டோம். அது அம்மா போவதற்கு முன்பா, பின்பா?

குதிரமாளிகையில், கூரைக்கு அடியில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் மரக்குதிரைகளைக் காட்டி, நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கூட்டம் உள்ளே நகர்ந்தது. அக்கா செருப்பைக் கழற்றுகிற மாதிரி பின்தங்கினாள். அவளுக்கும் பேச வேண்டியிருந்தது போல.

"அம்மா போயிட்டாளா?" என்று கேட்டேன்.

"ம்."

"எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா வந்திருப்பே. அதான் சொல்லலை. பொண்ணுக்கு வரன் பார்த்துண்டிருக்கோம். நீ வந்து நின்னா நாலு பேர் நாலு கேள்வி கேப்பா. அவர் கண்டிப்பா சொல்லிட்டார்."

"கொள்ளி யாரு போட்டா?"

"என் பிள்ளை."

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "என்னைக் கேட்டாளா?"

அக்கா குனிந்து செருப்பின் வாரை இழுத்தாள். "கேட்டா. நீ கிளம்பிட்டே, வந்துண்டிருக்கேன்னு சொல்லி வெச்சேன். ரெண்டு நாள் வாசலையே பார்த்துண்டிருந்தா."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? உனக்கு நாங்க சொல்லவே இல்லைன்னா?"

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

பாளையத்தில் வண்டியை நிறுத்தினோம். கோயிலும் மசூதியும் சர்ச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம். எந்தக் கூட்டம் வந்தாலும் இங்கே இறங்கிப் படம் எடுக்காமல் போகாது. இந்த ஊரில் மூன்று மதத்தாரும் ஒருவர் விசேஷத்துக்கு ஒருவர் வழிவிட்டு வாழ்கிறார்கள் என்று நான் சொல்வேன். பொய் இல்லை. அன்றைக்கும் சொன்னேன். மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "கேக்கவே எவ்வளவு நன்னாயிருக்கு! நம்ம ஊர்ல இப்படி உண்டா?" என்று அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினாள்.

மாமியிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம், நான்தான் அந்த இல்லாத தம்பி என்று. வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சொல்லாதது பெருந்தன்மையால் இல்லை. ரோட்டில், டிரைவர் முன்னால், என் குரல் உடைந்துவிடும் என்ற பயம்.

மியூசியம், கோவளம் எல்லாம் ஆனது. தம்பானூரில் இறக்கிவிட்டபோது எல்லோரும் கை கூப்பினார்கள். அக்காவும் கூப்பினாள், ஒரு கைடுக்குக் கூப்புகிற மாதிரி.

வீட்டில் என் முகத்தைப் பார்த்ததுமே மனைவி, "எந்து பற்றி?" என்று கேட்டாள், என்ன ஆச்சு என்று. சொன்னேன். அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மைக்கு செய்யேண்டது செய்யணும்" என்றாள். கதவைத் திறக்காத மாமியாருக்காக அவள்தான் மறுநாள் பூவும் எள்ளும் வாங்கி வந்தாள்.

பட்டியலில் அக்காவின் நம்பர் இருந்தது. "அம்மாவின் திதி மட்டும் சொல்லு, வேறு எதற்கும் தொந்தரவு செய்யமாட்டேன்" என்று செய்தி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, அமாவாசையன்று, பித்ரு காரியம் செய்கிற திருவல்லத்துக்குப் போனேன். ஆற்றங்கரையில் ஈர வேட்டியோடு வரிசையில் உட்கார்ந்தேன். புரோகிதர் தர்ப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, "மரிச்ச நாள் ஏதா?" என்றார். நட்சத்திரத்தைக் கேட்கிறார். மலையாளிகள் நட்சத்திரம் பார்த்துச் செய்வார்கள், நாங்கள் திதி பார்த்து. எனக்கு இரண்டும் தெரியாது.

"அறியில்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஸ்வந்தம் அம்மையல்லே?"

"ஆமாம், சொந்த அம்மாதான்" என்றேன். அவர் மந்திரத்தைத் தொடங்கினார்.