கண்ணாடிப் பெட்டியில் என் சிரிப்பு

அறுபதுகளில் சேலம் பஸ் ஸ்டாண்டு அருகே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார் ஒருவர். கேமரா கையில் இல்லாதபோதும் ஒரு கண்ணை மூடித்தான் ஆளைப் பார்ப்பார். வாசல் கண்ணாடிப் பெட்டியில் கல்யாணப் படம் வைக்கமாட்டார். பஸ், ரேஷன், சினிமா என்று ஊரில் காத்து நிற்கிறவர்களையே எடுத்து மாட்டுவார்.

ஒருநாள் அதில் என் முகம்! முந்தின வாரம் மில்லில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, சினிமா வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். தெருக்கோடியில் எங்கள் மில் மேஸ்திரி வந்துகொண்டிருந்தார். உள்ளே ஓடினேன்.

"அண்ணா, அதை எடுத்துடுங்க. மேஸ்திரி பார்த்தா வேலை போயிருமுங்க."

ஒரு கண்ணை மூடி என்னைப் பார்த்தார். "ரெண்டு வருசமா எடுக்கறேன் சாமி. இந்த டவுன்ல காத்துக்கிட்டு நிக்கறவன் சிரிச்சது இது ஒண்ணுதான்."

ஆனாலும் எழுந்துபோய்ப் படத்தைத் திருப்பி மாட்டினார். மேஸ்திரி வந்து நின்றார். கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அதன்பின் அங்கே வேறு படம் வரவேயில்லை. என் படத்தின் வெற்று முதுகுதான் தெருவைப் பார்த்துத் தொங்கியது. நான் மில் வேலையை விட்டபின் முகம் தெரியத் திருப்பி மாட்டலாம் என்று அவரும் காத்திருந்தாரோ என்னவோ.