மேசன் லதீஸ் படகு எடுத்த நாள்

லதீஸ் என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. ஏரியின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது வாசிக்க வாசிக்க விளங்கும். எனக்கே எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

2012இல் இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர்களில் லதீஸ் அண்ணாவும் ஒருவர். மன்னார்ப் பக்கம். சில மாதங்கள் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, தற்காலிக விசாவோடு மெல்பேர்னுக்கு வந்தார். டார்னெய்ட்டில் வேறு சில பெடியன்களோடு ஒரு வீட்டில் இருந்தார். ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. ஊரில் என்ன செய்தீர்கள் என்று யார் கேட்டாலும் "மேசன் வேலை" என்பார். அதனால் எங்கள் ஆட்களுக்கு அவர் மேசன் லதீஸ்.

ஆனால் அவருடைய மேசன் வேலையைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். இந்திரகுமார் அங்கிளின் பின்வளவில் பார்பிக்யூ அடுப்பு ஒன்று கட்டிக் கொடுத்தார். அதன் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"தம்பி, இது அடுப்போ, இல்லாட்டி குடிச்சிட்டு நிக்கிற ஆளோ?" என்று அங்கிளின் மனைவி ரஞ்சினி அன்ரி கேட்டார்.

"இஞ்சத்தைச் சீமெந்து வேற மாதிரி அன்ரி," என்று சிரித்தார் லதீஸ் அண்ணா.

அங்கிள் இங்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. மார்ச் மாத நீண்ட வார இறுதியில், புதிதாக வந்த பெடியன்களை மலைக்குள் இருக்கும் ஓர் ஏரிக்குக் கூட்டிப்போவது அவர் வழக்கம். 2013இல் லதீஸ் அண்ணாவுக்கு மட்டும்தான் லீவு கிடைத்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, கிடைத்த பல்கலைக்கழக இடத்தை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். "சும்மா கிடந்து சுவரைப் பாக்காமல் போட்டு வா," என்று அம்மா என்னையும் அனுப்பிவிட்டார். அன்ரியின் அக்கா மகள் சுஜீவா சிட்னி வெஸ்ட்மீட்டில் நர்ஸ். லீவில் வந்திருந்த அவரும் சேர, அங்கிளின் வான் வண்டியில் ஐந்து பேர். பின்னால் அங்கிளின் சின்ன அலுமினியப் படகு. கூரையில் ஒருவர் துடுப்பு வலிக்கும் கயாக் ஒன்று.

ஏரிக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போன்களில் சிக்னல் போய்விட்டது. அது அணை கட்டி நிரம்பிய பள்ளத்தாக்கு. நடுத்தண்ணீரில் செத்த மரங்கள் வெள்ளையாக நின்றன. அடுத்த கூடாரத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காலையிலேயே பியர் உடைத்துவிட்டது. நாங்கள் ஐஸ் பெட்டியில் கொண்டுபோன கோழிக்கறியைச் சூடாக்கினோம்.

முதல் நாள் அங்கிள் எல்லோரையும் படகில் ஏற்றினார். லதீஸ் அண்ணா லைஃப் ஜாக்கெட்டை முன்பின் மாறிப் போட்டுக்கொண்டு, நடுவில் குந்தி, இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கடலைத் தாண்டி வந்தவன் குளத்துக்குப் பயப்பிடுறான்!" என்றார் அங்கிள்.

"கடலில நான் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தனான் அங்கிள்."

எல்லோரும் சிரித்தோம்.

ஞாயிறு பின்னேரம் சுஜீவா அக்கா தனியாகக் கயாக் வலித்துக்கொண்டு போனார். மலையிலிருந்து திடீரென்று காற்று இறங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயாக் செத்த மரங்களின் பக்கம் தள்ளுப்பட்டுப் புரண்டது. அக்கா ஒரு கொப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அங்கிள் ஓடிப்போய்ப் படகில் ஏறி எஞ்சின் கயிற்றை இழுத்தார். இழுத்தார், இழுத்தார். இருமிவிட்டு நின்றது.

"விடுங்கோ!" என்று ஒரு குரல். லதீஸ் அண்ணா. அப்படி அவர் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை. அங்கிளை ஒரு கையால் விலக்கினார். எதையோ திருகினார், ஒரு இழுவை, எஞ்சின் பிடித்தது. ஜாக்கெட் இல்லாமல் நின்றபடியே ஓட்டினார். நேராகப் போகவில்லை. அலையைச் சரிவாக வெட்டி, மரங்களைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய், எஞ்சினை நிறுத்தி, படகை மெதுவாக அக்காவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். ஆம், வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பிடியில் அக்காவை உள்ளே இழுத்துவிட்டார்.

கரையில் வெள்ளைக்காரர்களும் கைதட்டினார்கள். அன்ரி அழுதபடியே எல்லாவற்றையும் ஐபோனில் வீடியோ எடுத்திருந்தார்.

அங்கிள் அவரைக் கட்டிப்பிடித்தார். "உன்னை நான் என்னவெல்லாம் சொன்னனான்! சிக்னல் வந்தவுடனே இதைப் பேஸ்புக்கில போடுறன். ரேடியோவுக்கும் குடுப்பம். படகில வந்த தமிழ்ப் பெடியன் ஒரு உயிரைக் காப்பாத்தினவன் எண்டு நாடு பாக்கட்டும். உன்ர அகதிக் கேஸுக்கே நல்லதடா!"

லதீஸ் அண்ணாவின் முகம் வெளிறிப்போனது. குளிர் என்று நினைத்தேன்.

பிறகு நானும் அவரும் சட்டி கழுவிக்கொண்டிருந்தோம்.

"தங்கச்சி, பேஸ்புக்கில போட்டா ஆர் ஆர் பாப்பினம்?"

"எல்லாரும்தான்."

"இமிக்ரேஷன்காரரும்?"

"பாக்கலாம். ஏன் அண்ணா, நல்ல விஷயம்தானே?"

கழுவிய சட்டியையே திரும்பவும் மணல் போட்டுத் தேய்த்தார். "இன்ரவியூவில நான் மேசன் எண்டு சொன்னனான். படகைப் பற்றி ஒண்டும் தெரியாதெண்டும் சொன்னனான். படகு ஓட்டினவனை ஆள் கடத்தினவன் எண்டு பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்கள் எண்டு முகாமில கதை."

"நீங்கள் ஓட்டினனீங்களா?"

"ஓட்டி வந்தவன் நடுக்கடலில காய்ச்சலில விழுந்திட்டான். படகுக்குள்ள குழந்தையள். ஊரில மீன்பிடிப் படகு ஓட்டினவன் நான்தான். ஆரோ ஒருத்தர் பிடிக்கத்தானே வேணும்?"

"இதை அங்கிளுக்குச் சொல்லுவமே?"

"ஐயோ, சொல்லிப்போடாதேங்கோ. நல்ல மனுசன். ஆனா அவருக்குச் சொன்னா ரேடியோவுக்குச் சொன்ன மாதிரி."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பொய் சொன்னது பிழை. உண்மையைச் சொல்லியிருந்தால், குழந்தைகளைக் கரை சேர்த்ததற்காகச் சிறைக்குப் போயிருப்பாரா? அதுவும் எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் கூடாரத்தைக் கழற்றும்போது அங்கிளிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அவருக்கு விருப்பமில்லையெண்டா விடலாமே அங்கிள். பிரைவசி..."

"பிரைவசியோ! வெள்ளைக்காரர் மாதிரிக் கதைக்காதை பிள்ளை. அவனுக்கு வெக்கம். நாங்கள்தான் தூக்கிவிடோணும்."

வான் மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது. முன் சீட்டில் அன்ரி மடியில் போனை வைத்திருந்தார். நான் ஒவ்வொரு வளைவிலும் என் போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. இன்னும் இல்லை.

"அன்ரி, அந்த வீடியோவை ஒருக்காப் பாக்கத் தாங்கோ," என்றார் லதீஸ் அண்ணா.

"இப்பதான் ஆசை வந்திருக்கு!" என்று அன்ரி சந்தோஷமாகப் போனை நீட்டினார்.

அவர் பார்த்தார். படகு மரங்களைச் சுற்றி வளைவதை முழுவதும் பார்த்தார். தன்னையே அவர் அப்படிப் பார்த்தது எனக்கு அந்தரமாக இருந்தது. பிறகு எங்கே அழுத்துவது என்று தெரியாமல் விரல் தடுமாறியது. போனை என் பக்கம் சரித்தார். நான் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினேன். வீடியோ போனது.

கீழே ஊர் தெரிந்ததும் எல்லா போன்களும் கத்தத் தொடங்கின. அன்ரி போனை வாங்கித் தேடினார்.

"வீடியோ எங்க?"

"நான் அழிச்சுப்போட்டன் அன்ரி," என்றார் லதீஸ் அண்ணா, நான் வாய் திறக்க முன்.

அங்கிள் வானை ஓரமாக நிறுத்திவிட்டார். "என்னடா சொல்லுறாய்? உனக்காக ஓடித் திரியிற என்னைப் பாத்தா விசரன் மாதிரித் தெரியுதோ? ஏன் அழிச்சனீ?"

அங்கிளின் கண் கலங்கியிருந்தது. அன்ரிதான் திடீரென்று கேட்டார், "தம்பி, ஊரில பொம்பிளை பாத்து வச்சிருக்கோ? சுஜீவாவைத் தூக்கினதை அந்தப் பிள்ளை பாத்துப்போடும் எண்டு பயமோ?"

லதீஸ் அண்ணா ஒரு கணம்தான் யோசித்தார். "ஓம் அன்ரி."

"இதை முதலே சொல்லுறதுக்கென்ன!" அங்கிள் ஸ்டியரிங்கில் ஒரு அடி போட்டுவிட்டு வானை எடுத்தார். சுஜீவா அக்கா திரும்பி, "சொறி அண்ணா, எனக்குத் தெரியாது," என்றார். லதீஸ் அண்ணா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காப்பாற்றியவரிடம் காப்பாற்றப்பட்டவர் மன்னிப்புக் கேட்டார். சிரிப்பதா என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழமை முடிய முன் டார்னெய்ட் முழுவதும் மேசன் லதீஸுக்கு ஊரில் பெண் இருந்தது. கோயிலில் என்னைக் கண்ட ரஞ்சினி அன்ரி, "உனக்குச் சொல்லியிருப்பான். பேர் என்ன?" என்று பிடித்துக்கொண்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

அன்றே லதீஸ் அண்ணா எனக்குப் போன் எடுத்தார். பின்னால் களஞ்சியத்தின் இரைச்சல்.

"தங்கச்சி, அன்ரியிட்ட என்ன பேர் சொன்னனீங்கள்?"

"நிரஞ்சினி. என்ன ஊர் எண்டும் கேட்டவா. பேசாலை எண்டு சொல்லிப்போட்டன். பிழையோ அண்ணா?"

"பேசாலை. நிரஞ்சினி." சொல்லிப் பார்த்தார். "சரி. இனி இதை மாத்தக் கூடாது. ஆர் கேட்டாலும் ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லோணும்."

"ஓம் அண்ணா," என்றேன்.