தறிக்குழியில் வைத்த தேயிலை

அந்த மண்கலயம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடியில் ஈர மணல், அதன்மேல் மூங்கில் தட்டு, தட்டின்மேல் துணியில் சுற்றிய தேயிலை. பினாங்கிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர் மறுபடி கப்பலேறக் கிளம்பிய அன்று அந்தத் தேயிலையை என் கையில் கொடுத்தார். வறட்டி போலக் கறுத்து, வட்டமாய் இறுகிக் கிடந்தது.

"சீனாக்காரங்க புளிக்க வெச்சுத் தட்டுனது புள்ள. வருசம் ஏற ஏறத்தான் ருசி. காஞ்சா செத்துப்போகும், நனைஞ்சா பூசணம் புடிக்கும். நான் வந்தப்புறம் ரெண்டு பேரும் குடிக்கலாம்" என்றார்.

அங்கே கடற்காற்றிலேயே அது பதமாக இருக்குமாம். எங்கள் ஜலகண்டாபுரத்துச் சித்திரை வெயிலில் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலே பொட்டுப் பொட்டென்று அறும். அதற்காக, நெய்யும்போது காலை விட்டு உட்காரும் தறிக்குழியை ஈரமாக வைத்திருப்போம். நூலுக்கு ஆகிற ஈரம் தேயிலைக்கு ஆகாதா என்று கலயத்தைக் குழியின் மூலையில் வைத்து, மணல் காயக் காயத் தண்ணீர் தெளித்து வந்தேன்.

"ஏனுங்க அண்ணி, வறட்டிக்குத் தண்ணி தெளிச்சா கன்னுக்குட்டியா மொளைக்கும்?" என்று நாத்தனார் சிரிப்பாள்.

பிறகு சண்டை வந்தது. பினாங்கு ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டதென்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். கடுதாசி நின்றது. நாத்தனாரும் சிரிப்பதை விட்டாள். "இனி எதுக்குங்க அண்ணி அது?" என்று ஒருநாள் தணிந்த குரலில் கேட்டாள்.

"உங்கண்ணன் வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவே?" என்றேன்.

அன்று துணியை அவிழ்த்துப் பார்த்தேன். குப்பென்று கஞ்சி வாடை. பாவுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடையை அந்தத் தேயிலை இத்தனை நாளும் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் என்னை நம்பி விட்டுப்போனது அது ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்தவில்லை.

சண்டை ஓய்ந்து, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். "அந்தத் தேயிலை வட்டு இருக்குதா புள்ள?" என்றார். கிள்ளிப் போட்டுக் கொதிக்கவைத்து, முகம் பார்க்காமல் நீட்டினேன். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நம்ம தறிக்குழி வாசம் அடிக்குது."

"கெட்டுப்போச்சுங்களா?"

"ரோடு போட ஜப்பான்காரனுங்க காட்டுக்குள்ள ஓட்டிட்டுப் போனானுங்க புள்ள. அங்க படுத்துக் கண்ண மூடுனா இந்த வாசந்தான் வரும். இன்னுங் கொஞ்சம் ஊத்து."

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. கொட்டைப்பாக்கு அளவு மிச்சம் இருக்கிறது. தனியாகக் குடிக்க எனக்கு இஷ்டமில்லை. இந்தச் சித்திரையிலும் கலயத்துக்குள் கைவிட்டுப் பார்த்தேன். மணல் காய்ந்திருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன்.